அரை லிட்டர் ஆயில்: புல் வெட்டும் மெஷினுக்கு எதை ஊற்றுவது, எப்படி மாற்றுவது

கேள்வி இது: தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் புல்வெட்டி. வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் ஆயில் மாற்றவில்லை. கையேட்டில் எஸ்ஏஇ 30 என்று போட்டிருக்கிறது, கடையில் 10டபிள்யூ-30தான் இருக்கிறது, வீட்டில் காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 சிந்தெடிக் மீதம் கிடக்கிறது. எதை ஊற்றலாம்? பழைய ஆயிலை எப்படி வெளியே எடுப்பது? அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்ட மெஷினைச் சாய்த்து வைத்து, பிறகு ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை குபுகுபு என்று வந்தது. இன்ஜின் போய்விட்டதா?

பெரும்பாலும் போகவில்லை. புகை பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆயில் விஷயத்தில், நீங்கள் சொன்ன மூன்றில் எதை ஊற்றினாலும் இன்ஜின் நன்றாகவே ஓடும். இரண்டு வருஷமாக உள்ளே கிடக்கிற அந்தக் கறுப்பு ஆயிலை விட மூன்றுமே ஆயிரம் மடங்கு மேல். எந்த பிராண்ட், எந்த கிரேடு என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதே இல்லை. இந்தச் சின்ன இன்ஜின்கள் தவறான கிரேடால் செத்துப்போவது அபூர்வம். ஆயில் குறைந்தோ கெட்டோ செத்துப்போவதுதான் வழக்கம்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக் தானா? ஆயில் ஊற்றத் தனி மூடியும் டிப்ஸ்டிக்கும் இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோல் மூடியிலேயே 50:1 அல்லது 25:1 என்று எழுதியிருந்தால் அது டூ ஸ்ட்ரோக். அதில் ஆயில் மாற்றும் வேலையே கிடையாது, டூ ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. இனி சொல்வதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மட்டும்.

இந்த இன்ஜினுக்குள் ஆயில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கார் இன்ஜினில் ஆயில் பம்ப் இருக்கிறது, ஃபில்டர் இருக்கிறது, நாலைந்து லிட்டர் ஆயில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெப்பத்தைக் கொண்டுபோக ரேடியேட்டர் தண்ணீரும் இருக்கிறது. தள்ளும் புல்வெட்டியில் பெரும்பாலும் இதில் எதுவும் கிடையாது. கீழே அரை லிட்டர் ஆயில் தேங்கி நிற்கும். அதில் பாதி மூழ்கியபடி சிறு துடுப்புகள் வைத்த ஒரு சக்கரம் சுழன்று, ஆயிலை நாலாபக்கமும் வாரி இறைக்கும். பேரிங், கனெக்டிங் ராடு, சிலிண்டர் சுவர் எல்லாவற்றுக்கும் இந்தச் சாரல்தான் உயவு. வடிகட்ட ஃபில்டர் இல்லாததால் உள்ளே உண்டாகும் கரியும் உலோகத் தூளும் அதே அரை லிட்டரில்தான் மிதந்துகொண்டிருக்கும். குளிர்விப்பது காற்று. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே வெட்டிய புல்லும் தூசியும் அடைத்துக்கொண்டால் அதுவும் போச்சு. ஆகவே இங்கே ஆயில் காரில் இருப்பதைவிடச் சூடாக ஓடுகிறது, வேகமாகக் கெடுகிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். புல் வெட்டும்போது இன்ஜின் கிட்டத்தட்ட 3,000 ஆர்பிஎம்மில் விடாமல் ஓடுகிறது. 50 மணி நேரத்தில் 90 லட்சம் சுற்று. ஒரு காரை 2,000 ஆர்பிஎம்மில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி அதே 90 லட்சம் சுற்றை முடிக்க 4,500 கிலோமீட்டர் போக வேண்டும். அதுவும் காருக்கு நாலைந்து லிட்டர் ஆயிலும் ஃபில்டரும் இருக்கும்போது.

சரி, கிரேடுக்கு வருவோம். டப்பாவில் உள்ள எண்கள் ஆயிலின் தரத்தைச் சொல்வதில்லை, அதன் கெட்டித்தன்மையைத்தான் சொல்கின்றன. கடைசியில் வரும் 30 என்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கான அளவு. எஸ்ஏஇ 30, 10டபிள்யூ-30, 5டபிள்யூ-30 மூன்றும் அந்தச் சூட்டில் ஒரே வரம்புக்குள்தான் வருகின்றன, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. அதாவது இன்ஜின் சூடேறிய பிறகு மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி இளகி ஓடும் என்பதற்கு. அது குறையக் குறைய, குளிரில் ஸ்டார்ட் செய்யச் சுலபம்.

அப்படியானால் கையேடு ஏன் எஸ்ஏஇ 30 என்று அடம் பிடிக்கிறது? 10டபிள்யூ-30 போல இரண்டு எண் போட்ட மல்டிகிரேடு ஆயிலில் குளிரில் மெலிதாகவும் சூட்டில் கெட்டியாகவும் நடந்துகொள்ள ஒரு பாலிமர் சேர்க்கிறார்கள். நல்ல சூட்டிலும் பல் சக்கரங்களுக்கு நடுவே நசுங்கியும் அந்தப் பாலிமர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துபோகும், ஆயிலும் மெலிந்துவிடும். காற்றால் குளிரும் இன்ஜினில் கோடையில் சாதாரண 10டபிள்யூ-30 ஊற்றினால் ஆயில் கொஞ்சம் அதிகமாகக் குறைவதை நீங்களே பார்க்கலாம். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கையேடுகளும் 27 டிகிரிக்கு மேல் 10டபிள்யூ-30 போட்டால் ஆயில் செலவு கூடலாம், அடிக்கடி அளவு பாருங்கள் என்றுதான் சொல்கின்றன. எஸ்ஏஇ 30இல் இந்தப் பாலிமர் வேலையே இல்லை, அடித்தாலும் பிடித்தாலும் அப்படியே நிற்கும். ஆனால் 4 டிகிரிக்குக் கீழே போனால் கெட்டியாகி, கயிறு இழுக்கத் தோள்பட்டை கழன்றுவிடும். குளிர்காலத்தில் யார் புல் வெட்டப் போகிறார்கள் என்பதால்தான் அது புல்வெட்டிக்குப் பொருத்தமாகிப் போனது.

உங்கள் மீதி 5டபிள்யூ-30 சிந்தெடிக் உண்மையில் மூன்றில் நல்ல தேர்வு. சிந்தெடிக் ஆயில் சூட்டில் அவ்வளவு எளிதாக மெலியாது, ஆவியாவதும் குறைவு, குளிரிலும் இளகி நிற்கும். காருக்கு எழுதிய ஆயில் புல்வெட்டிக்கு ஒத்துவராது என்று பயப்பட வேண்டாம். புல்வெட்டிக்கு என்று தனியாகப் படம் போட்டு விற்கும் சின்ன பாட்டிலில் இருப்பதும் அநேகமாக இதே வகைதான். ஒன்றே ஒன்று, சிந்தெடிக் என்பதால் மாற்றும் இடைவெளியை நீட்டிக்கக் கூடாது. ஃபில்டர் இல்லாத இன்ஜினில் அழுக்கு அழுக்குதான், ஆயில் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும்.

டப்பாவின் பின்பக்கம் ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஏபிஐ என்று ஒரு வட்டம் இருக்கும், அதைப் பாருங்கள். எஸ் என்று தொடங்கும் எழுத்துகள் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்குபவை டீசலுக்கு. எஸ்ஸுக்கு அடுத்த எழுத்து போகப் போக ஆயில் புதிய தரம். புல்வெட்டிக் கையேடுகள் பொதுவாக எஸ்எஃப் அல்லது எஸ்ஜே, அதற்கு மேல் எதுவும் சரி என்கின்றன. இன்று நல்ல கடையில் கிடைப்பது எஸ்என் (2010) அல்லது எஸ்பி (2020), ஆகவே இதில் தவறு செய்வதே கஷ்டம். எஸ்ஏ என்று போட்ட மலிவு ஆயிலை மட்டும் தொடாதீர்கள். அதில் அழுக்கைப் பிடித்து வைக்கும் டிடர்ஜென்ட் எதுவும் கிடையாது, கரி அடியில் படிந்து சேறாகிவிடும். எழுத்தே போடாத டப்பாவையும் வாங்க வேண்டாம்.

பைக் ஆயில் ஊற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். கிரேடு 10டபிள்யூ-30 ஆக இருந்து, ஏபிஐ எழுத்தும் பொருந்தினால் ஊற்றலாம். பைக்கின் கிளட்சுக்காக அதில் செய்திருக்கும் ஏற்பாடு இங்கே பயன்படாது, கெடுதலும் செய்யாது. 20டபிள்யூ-40 கொஞ்சம் கெட்டி. நல்ல வெயிலில் இன்ஜின் அதனால் வெடித்துவிடாது, ஆனால் சாரலை நம்பி இருக்கும் இன்ஜினுக்குக் கையேடு சொல்லாத கெட்டி ஆயில் தேவையில்லை என்பது என் கருத்து. எதிர்ப்பக்கம் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய கார் ஆயில்களைக் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். புது ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் குறைந்துவிட்டது, வால்வு தேயும் என்று சிலர் கிளப்பும் சர்ச்சைக்கும் காது கொடுக்க வேண்டியதில்லை. இந்த இன்ஜின்களின் வால்வு ஸ்பிரிங் அவ்வளவு பலமானதே இல்லை.

எப்போது மாற்றுவது? புது இன்ஜினில் முதல் மாற்றத்தைப் பல தயாரிப்பாளர்கள் 5 மணி நேரத்திலேயே செய்யச் சொல்கிறார்கள். எல்லாரும் தவறவிடும் இடம் இதுதான். பிஸ்டனைச் சுற்றியுள்ள புது ரிங்கும் புது சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்தும் காலத்தில்தான் உலோகத் தூள் அதிகம் உதிரும். அந்த முதல் ஆயிலை வெயிலில் வைத்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி கலந்ததுபோல மினுமினுக்கும். அதற்குப் பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. தூசி மிகுந்த இடம், கடும் வெயில், இடுப்பளவு புல் என்றால் 25 மணி நேரம். உட்கார்ந்து ஓட்டும் பெரிய மெஷின்களில் ஆயில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பிடிக்கும், பலவற்றில் பம்பும் ஃபில்டரும் உண்டு. அவற்றுக்கு 100 மணி நேரம் வரை போகலாம், ஆனால் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஆயில் மாற்றவே வேண்டாம், குறைந்தால் ஊற்றினால் போதும் என்று விற்கும் சில புது மாடல்களும் வந்திருக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தாலும் டிரெயின் செய்ய வழி இருந்தால் மாற்றுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

மெஷினை மாதக்கணக்கில் ஓரங்கட்டப் போகிறீர்கள் என்றால், திரும்ப எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எரிந்த பெட்ரோலின் மிச்சங்கள் பழைய ஆயிலில் அமிலமாகச் சேர்ந்திருக்கும். அதையே உள்ளே வைத்து மூடினால் பேரிங்கும் சிலிண்டரும் சும்மா கிடக்கும்போதே அரிக்கும். ஓரங்கட்டுவதற்கு முன் மாற்றி, புது ஆயிலோடு ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மூடி வையுங்கள்.

இனி வேலை. பெட்ரோல் டேங்க் கிட்டத்தட்ட காலியாக இருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். நிறைந்த டேங்கோடு மெஷினைச் சாய்த்தால் பெட்ரோல் மூடியின் மூச்சுத் துளை வழியாக ஒழுகும். ஐந்து நிமிடம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சூடான ஆயில் சீக்கிரம் வடியும், அதைவிட முக்கியம், அடியில் படிந்த அழுக்கையும் கலக்கிக் கூடவே கொண்டுவரும். நிறுத்திவிட்டுக் கொஞ்சம் ஆற விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கையைச் சுடும் அளவுக்கு வேண்டாம், சைலன்சர் எப்படியும் நெடுநேரம் சூடாகவே இருக்கும்.

அப்புறம், வேறு எதிலும் கை வைப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கிலிருந்து கேப்பைக் கழற்றி, தானாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளாதபடி தள்ளி வையுங்கள். பிளேடைக் கையால் திருப்பினாலும் பிஸ்டன் நகரும், சில நேரம் அந்த ஒரு அசைவிலேயே இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். விரல்கள் பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆயிலை வெளியே எடுக்க மூன்று வழி உண்டு. சில மெஷின்களில் அடியிலோ பக்கவாட்டிலோ டிரெயின் போல்ட் இருக்கும். கழற்றினால் வேலை முடிந்தது, வாஷர் நசுங்கியிருந்தால் மாற்றுங்கள். திரும்ப மாட்டும்போது பலம் காட்டாதீர்கள், அலுமினிய மரை சுலபமாக வழுக்கிவிடும். பலவற்றில் போல்ட் கிடையாது, அல்லது பிளேடுக்குப் பின்னால் எட்டாத இடத்தில் இருக்கும். அப்போது டிப்ஸ்டிக் துளை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சு பம்பால் எடுக்கலாம். கை அழுக்காகாத வழி, ஆனால் அடியில் கொஞ்சம் தங்கும். மூன்றாவது, மெஷினையே சாய்த்து ஆயில் ஊற்றும் வாயிலிருந்து ஒரு தட்டில் வடிப்பது. தள்ளும் மெஷின்களுக்கு எனக்குப் பிடித்தது இதுதான், ஒரு நிமிடம் சாய்த்துப் பிடித்தால் சேறு உட்பட கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிடும்.

சாய்ப்பதில் ஒரே விதி: ஏர் ஃபில்டரும் கார்பரேட்டரும் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். அந்தப் பக்கம் கீழே போனால், கிராங்க் அறை மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் நேரே ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும். நுரைப் பஞ்சு ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துக்கொள்ளலாம், காகித ஃபில்டர் என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆயில் ஊற்றும் வாயைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள புல்லையும் மண்ணையும் துணியால் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல், நீங்கள் தேடிப் பிடித்து வாங்கிய சிந்தெடிக் ஆயிலின் நன்மையை எல்லாம் அழித்துவிடும்.

வடிந்த ஆயிலை உடனே ஊற்றி மூடாமல் ஒரு பார்வை பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை, டிடர்ஜென்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். மோர் போல வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் நின்றிருக்கும், அல்லது இன்ஜின் நன்றாகச் சூடேறும் முன்பே ஒவ்வொரு முறையும் நிறுத்தியிருப்பீர்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஊற்றிய அளவைவிட அதிகமாக வடிந்தால் கார்பரேட்டரின் ஊசி சரியாக மூடவில்லை, பெட்ரோல் இரவெல்லாம் கசிந்து உள்ளே இறங்குகிறது. இதைச் சரி செய்யாமல் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை, ஒரே வாரத்தில் அதுவும் தண்ணீர்போல் மெலிந்துவிடும். பழைய இன்ஜினில் விரலால் தொட்டால் தட்டுப்படும் அளவுக்கு உலோகத் துகள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பிலோ சேகரிப்பு மையத்திலோ கொடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்வதும் நல்லது. எரிந்த ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் படுவது உடம்புக்கு ஆகாது.

புது ஆயில் ஊற்றுவதில்தான் அவசரம் ஆபத்து. தள்ளும் மெஷின்களுக்கு 0.4 முதல் 0.6 லிட்டர் வரை பிடிக்கும், உங்கள் மாடலின் அளவு கையேட்டில் இருக்கும். ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்க்காதீர்கள். மெஷினைச் சமதளத்தில் நிறுத்தி, சிறு புனல் வைத்து முக்கால் பங்கு ஊற்றிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். பிறகு டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு எடுத்துப் பாருங்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சில இன்ஜின்களில் டிப்ஸ்டிக்கை முழுக்கத் திருகி மூடிப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அளவு கணிசமாகத் தப்பும். இந்த ஒரு வரிக்காகவாவது கையேட்டைத் திறந்து பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். சாய்த்து வடித்தாலும் உள்ளே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆகவே கையேட்டில் போட்ட முழு அளவும் பிடிக்காது.

கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று மேல் கோட்டைத் தாண்டுபவர்கள் நிறையப் பேர். தாண்டினால் சுழலும் பாகங்கள் ஆயிலை நுரையாக அடிக்கும், நுரைக்கு உயவும் தெரியாது, சூட்டைக் கடத்தவும் தெரியாது. மிச்சம் பிரீதர் வழியாகக் கார்பரேட்டருக்குப் போய், நீலப் புகையும் கறுத்த ஸ்பார்க் பிளக்குமாகத் திரும்பி வரும். குறைவாக இருந்தால் இன்னும் மோசம். துடுப்புக்கு ஆயில் எட்டாது, அலுமினிய கனெக்டிங் ராடு கிராங்கில் பிடித்துக்கொண்டு இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது இறுகி நின்றுவிடும், சில நேரம் ராடு முறிந்து பக்கச் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கார் மாதிரி எச்சரிக்கை விளக்கு எதுவும் இதில் எரியப்போவதில்லை. சரிவில் வெட்டும்போதும் இதே கதை, ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கயிறு இழுப்பதற்கு முன் டிப்ஸ்டிக் பாருங்கள் என்கிறேன், அரை நிமிட வேலை.

மூடியை மாட்டி, பிளக் கேப்பைப் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, ஆயில் இறங்கிய பின் மறுபடி அளவு பாருங்கள். டிரெயின் போல்ட் பக்கம் ஈரம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

இப்போது உங்கள் வெள்ளைப் புகை. புல் சுரண்டச் சாய்த்தபோது ஏர் ஃபில்டர் பக்கம் கீழே போயிருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் ஆயில் ரிங்கைத் தாண்டி சிலிண்டருக்குள்ளும், கொஞ்சம் சைலன்சருக்குள்ளும் போயிருக்கும். அது எரிந்து தீரும் வரை புகை வரும், ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். கயிறு இழுக்கவே வராமல் கல் மாதிரி நின்றால் பலம் போட்டு இழுக்காதீர்கள். சிலிண்டர் முழுக்க ஆயில் நிற்கிறது, திரவத்தை பிஸ்டனால் நசுக்க முடியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேப்பைத் தள்ளி வைத்து, பிளக் துளைமேல் ஒரு பழைய துணியைப் போட்டுவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு ஏழெட்டு முறை மெதுவாக இழுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். பிளக்கைத் துடைத்து மாட்டி, ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்றி, டிப்ஸ்டிக் பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். அளவு சரியாக இருந்து, கால் மணி நேரம் ஓட்டியும் புகை நிற்கவில்லை என்றால் பிரீதர், ஹெட் கேஸ்கெட், ரிங் இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் விடுங்கள். முதல் இரண்டும் சின்னச் செலவு. ரிங்தான் என்றால் இன்ஜினைப் பிரிப்பதா, வேறு மெஷின் வாங்குவதா என்று அப்போது யோசித்துக்கொள்ளலாம்.